மஞ்சக்குட்டையில் என்னைச் சோதனை போட்டார்கள்

ஏற்காட்டில் என்னிடம் முதலில் வழிப்பறி செய்தது ஒரு குரங்கு. பஸ்ஸை விட்டு இறங்கிக் கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. இரண்டு பன்னும் கொஞ்சம் வாழைப்பழமும் வாங்கிக்கொண்டு ஏரிக்கரைச் சாலையில் விடுதியைத் தேடி நடந்துகொண்டிருந்தேன். மதில்மேல் உட்கார்ந்திருந்த குரங்கு இறங்கி வந்து பையைப் பிடித்து இழுத்தது. நான் உடனே விட்டுவிட்டேன். எதிரே இருந்த பழக்கடைக்காரர் சிரித்துவிட்டார். ஒரு சத்தம் போட்டிருந்தால் ஓடியிருக்கும், இப்படியா கையில் கொடுத்துவிட்டு நிற்பது என்று கேட்டார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இழுத்தால் விட்டுவிட வேண்டும் என்பது நாங்கள் செலவு செய்து கற்றுக்கொண்ட பாடம். நான் மலேசியாவில் கிள்ளான்காரன். முப்பத்தோரு வருடம் தொழிற்சாலை பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன். எங்கள் பக்கத்தில் மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் வருவார்கள். பின்னால் இருப்பவன் கையை நீட்டிப் பையையோ சங்கிலியையோ பறிப்பான், முன்னால் இருப்பவன் முறுக்கிக்கொண்டு பறந்துவிடுவான். பொருள் போனால் போகிறது என்று விட்டவர்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். பிடித்துக்கொண்டவர்கள் ரோட்டில் விழுவார்கள். என் மனைவி இந்திராணி பிடித்துக்கொண்டாள். காலைச் சந்தைக்கு வெளியே விழுந்து, மூன்றாம் நாள் மருத்துவமனையில் இறந்தாள். இரண்டு வருடம் ஆகிறது.

ஏற்காட்டுக்கு வர ஆசைப்பட்டவள் அவள்தான். அவளுடைய குடும்பம் சேலம் பக்கத்திலிருந்து கப்பலேறியது என்று மாமனார் சொல்லியிருந்தாராம். ஊர்ப் பெயர் யாருக்கும் தெரியவில்லை. ஊர் தெரியாவிட்டால் என்ன, சேலத்துக்குப் பக்கத்தில் குளிரான இடம் ஒன்று இருக்கிறதாமே, அங்கே போவோம் என்றாள். குளிரே தெரியாமல் அறுபது வயதாகிவிட்டது என்பது அவளுடைய குறை. இரண்டு ஸ்வெட்டர் வாங்கி வைத்திருந்தாள். ஒன்றைப் போட்டுக்கொண்டு நான் வந்திருந்தேன்.

விடுதி அறையில் வெந்நீர் ஒரு வாளிதான் வரும். குளித்து முடித்ததும் சிங்கப்பூரிலிருந்து மகள் கவிதா அழைத்தாள். பாஸ்போர்ட் எங்கே? இடுப்பில். திருடன் பர்ஸ்? பின் பாக்கெட்டில். திருடன் பர்ஸ் என்றால், யாராவது மிரட்டினால் எடுத்துக் கொடுப்பதற்கென்றே வைத்திருப்பது. அதில் சில்லறை நோட்டுகளும் காலாவதியான ஒரு வங்கி அட்டையும் இருக்கும். அதே போல மிரட்டினால் கொடுக்க ஒரு பழைய கைப்பேசி. கழுத்தில் ஒரு விசில். எதிரே வரும் வண்டி கண்ணில் படும்படியாகத்தான் நடக்க வேண்டும், பை ரோட்டுக்கு எதிர்ப்பக்கத் தோளில் இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் ஆமாம், ஆமாம் என்றேன். கடைசியில் கதவு பூட்டியாச்சா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். முன்பெல்லாம் சாப்பிட்டீங்களா என்று கேட்டுக்கொண்டிருந்தவள். அம்மா போனதிலிருந்து கதவுதான்.

மறுநாள் காலை பனி ஏரியை மூடியிருந்தது. படகுகள் இருப்பது சத்தத்தில்தான் தெரிந்தது. பசியாறுவதற்கு இட்லி இரண்டு, கெட்டிச் சட்னி, ஒரு காபி. மலையிலேயே விளைந்த காபி என்றார் கடைக்காரர். எங்கள் ஊர்க் கறுப்புக் காபியைக் குடித்துப் பழகிய நாக்குக்கு அது பாயசம் போல இருந்தது. மத்தியானம் தள்ளுவண்டியில் தட்டுவடை செட் என்று ஒன்று சாப்பிட்டேன். இரண்டு சிறிய மொறுமொறு தட்டைகளுக்கு நடுவில் துருவிய காரட், பீட்ரூட், இரண்டு வகைச் சட்னி வைத்து மூடித் தருகிறார்கள். வாயில் போட்டதும் நொறுங்கி எல்லாம் ஒன்றாகக் கலக்கிறது. இந்திராணி இருந்திருந்தால் அந்த அம்மாளிடம் சட்னி எப்படி அரைப்பது என்று கேட்டு எழுதி வாங்கியிருப்பாள். நான் காசைக் கொடுத்துவிட்டு நகர்ந்தேன்.

பிற்பகலில் சேலம் நகரம் கீழே தெரியும் ஓர் இடத்துக்குப் போனேன். கூட்டம் முழுக்கக் குடும்பங்கள். கம்பிக்கு அருகில் என்னையே படம் எடுக்க முயன்றேன், என் நெற்றியும் வானமும் மட்டும் விழுந்துகொண்டிருந்தன. பக்கத்தில் நின்ற ஒருவர், கைக்குழந்தையோடு இருந்தவர், தான் எடுத்துத் தருவதாகக் கையை நீட்டினார். நான் கைப்பேசியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓரடி பின்னால் போனேன். யோசித்துச் செய்ததல்ல. அவர் நீட்டிய கையால் குழந்தையின் தொப்பியைச் சரிசெய்துவிட்டு மனைவியிடம் போய்விட்டார். அந்த இடத்தில் நான் இருந்ததற்கு என்னிடம் ஒரு படமும் இல்லை.

மூன்றாம் நாள் எங்காவது கிராமத்தைப் பார்க்கலாம் என்று மஞ்சக்குட்டை பஸ்ஸில் ஏறினேன். ஓட்டுநருக்குப் பின்னாலிருந்த இருக்கையில் உட்கார்ந்து அவர் கியர் மாற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பஸ் மட்டும் நுழையக்கூடிய ரோட்டில், எதிரே வந்த ஜீப்புக்கு வழிவிட அவர் பின்னால் எடுத்த விதத்தைப் பார்த்து எழுந்து கை கொடுக்கத் தோன்றியது. கொடுக்கவில்லை. இரண்டு பக்கமும் உயரமான சில்வர் ஓக் மரங்கள், அவற்றில் ஏறிய மிளகுக் கொடி, நிழலில் காபிச் செடி. பழம் பறிக்கும் காலம். செடிகளுக்கு நடுவிலிருந்து பெண்களின் பேச்சு மட்டும் கேட்டது.

ஊரைச் சுற்றிப் பார்க்க ஒரு மணி நேரம் போதும். மூன்று மணி பஸ்ஸில் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். அந்த பஸ் வரவில்லை. வழியில் டயர் போய்விட்டதாம், இனி ஐந்தரைக்குத்தான் என்றார்கள். டீக்கடையில் ஒரு டீ குடித்தேன். சில்லறை இல்லை, போனில் அனுப்புங்க என்று கடைக்காரர் சுவரில் ஒட்டிய கியூ.ஆர். கட்டத்தைக் காட்டினார். வெளிநாட்டுக்காரனான என் கைப்பேசியில் அது வேலை செய்யாது. பின் பாக்கெட் பர்ஸில் இருந்த நோட்டுகள் வரும்போது எடுத்த பஸ் டிக்கெட்டோடு தீர்ந்திருந்தன. இடுப்புப் பையிலிருந்துதான் எடுக்க வேண்டும். நாலு பேர் முன்னால் எடுக்கக் கூடாது என்பதால் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று, சட்டையைத் தூக்கி, ஒரு நோட்டை உருவினேன். திரும்பியபோது பெஞ்சில் இருந்த நாலு பேரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதன் பிறகு அங்கே உட்காரக் கூச்சமாக இருந்தது. ரோட்டில் மேலும் கீழும் நடந்தேன். ஒரு களத்தில் காபிப் பழத்தைக் காயவைத்துக் கிளறிக்கொண்டிருந்த அம்மாளின் கழுத்தில் கனமான சங்கிலி கிடந்தது. இதைப் போட்டுக்கொண்டு தனியாகவா இந்த ரோட்டில் போய்வருகிறீர்கள் என்று கேட்டேன். அவர் கிளறுகோலோடு வீட்டுக்குள் போய்விட்டார். நான் நல்லதாகத்தான் கேட்டேன். ஆனால் இப்போது எழுதும்போது அந்தக் கேள்வி எப்படிக் கேட்டிருக்கும் என்று தெரிகிறது.

ஐந்து மணிக்கு எஸ்டேட் வேலை முடிந்து பெண்கள் வந்தார்கள். சேலைமேல் ஆண்கள் சட்டை, தலையில் துண்டு. எல்லாரும் கூட்டமாகப் போக, ஒருவர் மட்டும் பின்தங்கிக் கைப்பேசியில் பேசிக்கொண்டு ரோட்டை ஒட்டி நடந்தார். சட்டைக்கு வெளியே சங்கிலி தொங்கியது. அப்போது ஒரு மோட்டார் சைக்கிள் இரண்டு பேரோடு மெதுவாக அவரைக் கடந்து போனது. கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்தது.

விசிலை வாயில் வைத்து ஊதிக்கொண்டே ரோட்டைக் குறுக்கே கடந்து ஓடினேன். மோட்டார் சைக்கிள் நின்றது. நான் அந்தப் பெண்ணுக்கும் வண்டிக்கும் நடுவில் போய் நின்று, "சங்கிலிய உள்ள போடுங்கம்மா, உள்ள போடுங்க" என்றேன். அவர் இரண்டு கையாலும் கழுத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் நகர்ந்தார். வண்டியில் இருந்தவர்கள் சுற்றுலா வந்தவர்கள். தலைச்சோலைக்கு வழி தெரியாமல் திரும்பியிருக்கிறார்கள். அவர்கள் கேட்டதும் யாரோ கை காட்டினார்கள், போய்விட்டார்கள். நான் நின்றுகொண்டிருந்தேன்.

டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து வந்தார்கள். களத்து அம்மாளும் வந்து, இந்த ஆள்தான் என்றார். பத்துப் பதினைந்து பேர் சேர்ந்துவிட்டார்கள். போன வாரம் அடிவாரத்துப் பக்கம் ஒருவன் வழி கேட்பது போல வந்து ஒரு பெண்ணின் சங்கிலியை அறுத்துக்கொண்டு போயிருக்கிறான். எனக்கு அது தெரியாது. ஒருவர் என் சட்டைக் காலரைப் பிடித்தார். இன்னொருவர் கைப்பேசியை என் முகத்துக்கு நேரே பிடித்துப் படம் எடுத்தார். இப்படி எடுத்த படங்கள் ஊர் ஊராகப் பரவி, யார் எவர் என்று தெரியாதவர்கள் அடிபட்ட செய்திகளை நான் எங்கள் ஊரிலேயே படித்திருக்கிறேன்.

எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர், பிரான்சிஸ் என்று பெயர், ஐம்பது வயது இருக்கும், கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். அடிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏனுங்க, நீங்க எந்த ஊருங்க?"

கிள்ளான் என்றேன். அது எங்கே என்றார். மலேசியா என்றேன். யாரோ சிரித்தார்கள். தமிழ் பேசுகிறான், மலேசியாவாம். பாஸ்போர்ட்டைக் காட்டுங்க என்றார் ரைட்டர். தெரியாதவர் கையில் பாஸ்போர்ட்டைக் கொடுக்கவே கூடாது என்பது கவிதாவின் முதல் விதி. நான் தயங்கினேன். அந்தத் தயக்கம் போதுமானதாக இருந்தது. காலரைப் பிடித்திருந்தவர் என் சட்டையைத் தூக்கி இடுப்புப் பையை இழுத்தார். தோள்பையை இன்னொருவர் டீக்கடை பெஞ்சில் கவிழ்த்தார். பாக்கெட்டில் இருந்ததையும் கழுத்து விசிலையும் எடுத்து அதோடு போட்டார்கள்.

எல்லாம் அங்கே கிடந்தன. இரண்டு கைப்பேசி. சட்டை மடிப்பில் ஒரு நோட்டு, சாக்ஸுக்குள் ஒன்று. காலாவதியான அட்டை. விசில். என்னைக் காப்பாற்றுவதற்காக நான் சேர்த்து வைத்த ஒவ்வொன்றும் அந்த பெஞ்சில் ஒரு திருடனின் சாமான் போலவே இருந்தது. பிறகு இடுப்புப் பையின் உள்ளறையிலிருந்து மடித்த கைக்குட்டையை எடுத்துப் பிரித்தார்கள். உள்ளே ஒரு பெண்ணின் தங்கச் சங்கிலி. பாதிதான். ஒரு முனை அறுந்து நீண்டிருந்தது.

கூட்டம் இன்னும் நெருங்கி வந்தது.

அதை நான் கொண்டுவந்தது கவிதாவுக்கும் தெரியாது. இந்திராணியின் மூடிய கைக்குள் இருந்ததை மருத்துவமனைத் தாதி பிரித்தெடுத்து என்னிடம் கொடுத்தார். மறுபாதியும் கூடவே கிடந்த தாலிக்கொடியும் பறித்தவர்களோடு போய்விட்டன. புதிதாக மீதியைச் சேர்த்துப் பற்றவைக்கவும் மனம் வரவில்லை, காலி வீட்டில் விட்டுவிட்டு வரவும் மனம் வரவில்லை.

"யாருதுங்க இது?" என்றார் ரைட்டர்.

சொன்னேன். ஆரம்பித்த பிறகு நிற்கவில்லை. சந்தையைச் சொன்னேன், மோட்டார் சைக்கிளைச் சொன்னேன். நான் காரிலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்ததைச் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் இரண்டு வருடமாக யாரிடமும் சொல்லாததையும் அந்த ரோட்டில் நின்று சொல்லிவிட்டேன். ஓய்வுபெற்ற பணத்தில் அந்தச் சங்கிலியை வாங்கியவன் நான். சந்தைக்குப் போக இது எதற்கு என்று அவள் அதைக் கழற்றப் போனாள்.

"பொட்டியில பூட்டி வைக்கவா வாங்கிக் குடுத்தேன், போட்டுக்கிட்டு வான்னு நான்தாங்க சொன்னேன்" என்றேன்.

காலரில் இருந்த கை எப்போது போனது என்று தெரியவில்லை. ரைட்டர் பாஸ்போர்ட்டைப் பிரித்து என் பெயரை வாய்விட்டுப் படித்தார், இலட்சுமணன், பிறகு படத்தையும் என்னையும் பார்த்தார். விடுதிக்கு அழைத்து இரண்டு வார்த்தை கேட்டார். படம் எடுத்தவர் அருகில் வந்து, அதை அழிப்பதை எனக்குத் தெரியும்படி செய்துவிட்டுப் போனார்.

நான் மறித்த அந்தப் பெண் அங்கேயே நின்றிருந்தார். லூர்து என்று அழைத்தார்கள். அவர் தன் சங்கிலியை விரலால் தூக்கிக் காட்டினார்.

"இது கவரிங்குங்க. அடிவாரத்துல அறுத்துட்டுப் போனதுலருந்து அசல ஊட்ல வெச்சுட்டு நாங்க எல்லாருமே இதத்தான் போட்டுருக்கறோம். எவனாச்சும் கேட்டாக் கழட்டிக் குடுத்துருவேனுங்க."

பிறகு, "அவுங்களுக்கு நீங்க வாங்கிக் குடுத்ததுங்க. அதான் புடிச்சத உடலீங்க" என்றார்.

நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். யாரோ சாமான்களைப் பைக்குள் எடுத்து வைத்தார்கள். சங்கிலியை மட்டும் ரைட்டர் தானே கைக்குட்டையில் இருந்த மடிப்பிலேயே மடித்து என் கையில் கொடுத்தார். டீ வந்தது. கடைக்காரர் காசு வாங்கவில்லை. ஐந்தரை பஸ்ஸும் இதற்குள் போய்விட்டதால், ஏற்காட்டுக்குக் கிளம்பிய ஒரு ஜீப்பில் எனக்கு இடம் பிடித்துக் கொடுத்தார்கள். ஏறும்போது ரைட்டர் சொன்னார்: "தப்பா நெனச்சுக்காதீங்க. ரெண்டு மணி நேரத்துக்கு மேல இங்கயே சுத்திட்டு இருந்தீங்க, ஒருத்தருகிட்டயும் நான் இன்னாருன்னு சொல்லலியே. சொல்லியிருந்தா ஊரே உங்களப் பாத்துக்கிட்டிருக்குமுங்க."

ஜீப்பில் பதினான்கு பேர். எனக்கு மட்டும் தாராளமாக இடம் விட்டிருந்தார்கள். வழியெல்லாம் யாரும் என்னோடு பேசவில்லை, தங்களுக்குள்ளும் பேசவில்லை. வெட்கப்பட்டார்கள் என்று நினைக்கிறேன். நானும்தான். அடித்திருந்தால்கூட இவ்வளவு தனியாக இருந்திருக்காது என்று தோன்றியது. கடைவீதியில் இறங்கியபோது ஒருவர் மட்டும், பார்த்துப் போங்க என்றார்.

அறைக்கு வந்ததும் கவிதா அழைத்தாள். பாஸ்போர்ட் எங்கே என்றாள். நடந்ததைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னேன். அம்மாவை அந்தச் சங்கிலியைப் போட்டுக்கொண்டு வரச் சொன்னது நான்தான் என்றேன். இணைப்பு போய்விட்டதோ என்று திரையைப் பார்த்தேன்.

"தெரியும்ப்பா" என்றாள். "அன்னைக்குக் காலையில கார்ல ஏறுறதுக்கு முன்னாடி அம்மா எனக்கு ஒரு படம் அனுப்பினாங்க. அப்பா போட்டே ஆகணும்னு நிக்கிறாரு, பாரு எப்படி இருக்குன்னு எழுதியிருந்தாங்க. சிரிச்சுக்கிட்டு இருக்காங்கப்பா."

இரண்டு வருடமாக அவள் அந்தப் படத்தை எனக்குக் காட்டாமல் வைத்திருந்தாள். நான் தாங்கமாட்டேன் என்று நினைத்திருக்கிறாள். அனுப்பட்டுமா என்றாள். இப்போது வேண்டாம், வீட்டுக்குப் போனதும் அனுப்பு என்றேன். சரி என்றாள். பிறகு, கதவு பூட்டியாச்சா என்று கேட்டாள். ஆச்சு என்றேன்.

நாலாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. வந்தவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் இறங்கிப் போகிற நாள். பேருந்து நிலையத்தில் சேலம் பஸ் வந்து நிற்பதற்குள் கூட்டம் படிக்கட்டில் மொய்த்தது. நான் முன்னாலேயே நின்றிருந்ததால் மூன்று பேர் அமரும் இருக்கையில் ஜன்னலோரம் கிடைத்தது. உட்கார்ந்ததும் ஜன்னல் வழியாக ஒரு கைப்பை உள்ளே வந்தது. பெண்கள் தோளில் மாட்டுகிற பழுப்பு நிறப் பை. அதைப் பிடித்திருந்த கைக்குப் பின்னால், கூட்டத்தில் நசுங்கியபடி, முப்பது வயதுப் பெண் ஒருவர்.

"ஐயா, இத அந்த சீட்டுல சித்த போட்டு வெய்யுங்க. நானும் எங்க அத்தையும் வர்றோமுங்க."

நான் வாங்குவதற்கு முன்பே விட்டுவிட்டார். விழாமல் பிடித்தேன். அவர் படிக்கட்டுப் பக்கம் போய்க் கூட்டத்தில் மறைந்துவிட்டார்.

இங்கே இடம் பிடிக்கும் வழக்கம் அதுதான் என்பது சுற்றிலும் பார்த்தபோது தெரிந்தது. துண்டு, கூடை, கைப்பை எல்லாம் முன்பின் தெரியாதவர்கள் கைக்கு ஜன்னல் வழியாகப் போய்க்கொண்டிருந்தன. பையைப் பக்கத்து இருக்கையில் வைத்தேன். ஒருவர் அதன்மேல் உட்காரப் பார்த்தார், ஆள் வருகிறது என்றேன். பிறகு அதை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, இருக்கையில் என் கையை நீட்டி மறைத்தேன். ஜிப் முக்கால்வாசி திறந்திருந்தது. உள்ளே கைப்பேசியின் முனை தெரிந்தது, சாவிக்கொத்து தெரிந்தது. மூடிவிடலாமா என்று நினைத்தேன். மூடும்போது அவர் பார்த்தால் என்ன நினைப்பார் என்று கையை எடுத்துவிட்டேன். ஜன்னலுக்கு வெளியே யார் கை வந்தாலும் பையை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

ஐந்து நிமிடமாவது ஆகியிருக்கும். அவர் மாமியாரைத் தாங்கிப் பிடித்தபடி வந்து சேர்ந்தார். மாமியாரை நடுவில் உட்காரவைத்து, தானும் உட்கார்ந்து, கையை நீட்டினார். பையைக் கொடுத்தேன். நல்லதுங்க ஐயா என்று வாங்கிக் காலடியில் வைத்துவிட்டு, மாமியாருக்குக் குமட்டாமல் இருக்க ஒரு எலுமிச்சம்பழத்தை நகத்தால் கீறிக் கொடுத்தார். எந்த ஊருங்க என்று மாமியார் என்னைக் கேட்டார். மலேசியா, கிள்ளான், பஸ் ஓட்டினேன், இப்போது தனியாகத்தான் வந்திருக்கிறேன் என்று எல்லாவற்றையும் கேட்பதற்கு முன்பே சொன்னேன்.

வண்டி, கீழிருந்து எண்ணினால் இருபதாவதான கொண்டை ஊசி வளைவில் திரும்பி இறங்க ஆரம்பித்தது. அந்தப் பெண் பையைத் திறந்து எல்லாம் இருக்கிறதா என்று பார்க்கிறாரா என ஓரக்கண்ணால் கவனித்துக்கொண்டே வந்தேன். அடிவாரம் வரும்வரை அவர் பார்க்கவில்லை.